கடல்நீரே கால், கடல்நீரே உயிர்



நீர் வற்றும் நேரம் பார்த்துக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும் பழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. மகிழ்ச்சியான செய்திதான். அப்படிப் போகும்போது பிள்ளைகள் முதலில் தேடுவது எதை? நட்சத்திர மீனைத்தான். கண்டுபிடித்தவுடன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது உயிரோடு இருக்கிறதா?" என்பதே. கேட்பது நியாயம்தான். அது அசையாமல் கிடக்கிறது. முகம் இல்லை, வாய் தெரியவில்லை, முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றும் சொல்ல முடியவில்லை.

ஆனால், அந்த அசையாத உயிர் நடக்கிறது, வேட்டையாடுகிறது, மூடிய சிப்பியைத் திறந்து உண்கிறது. எப்படி நடக்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு இன்றைய உரையில் விடை காண்போம். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் மூன்றாவது கேள்வி ஒன்றுக்கும் விடை கிடைத்துவிடும். 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிங்கப்பூர் புலாவ் உபின் தீவிலுள்ள செக் ஜாவா கடற்கரையில் இந்த உயிர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. எண்ணெய்க் கசிவு கிடையாது, நச்சு கிடையாது. வந்தது வெறும் மழைநீர். மழைநீர் எப்படிக் கொன்றது?

மீன் இனம் இல்லை

"நட்சத்திர மீன்" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டாலும் இது மீன் இனத்தைச் சேர்ந்ததில்லை. மீனுக்கு முதுகெலும்பு உண்டு, செவுள் உண்டு, துடுப்பு உண்டு. இதற்கு இவை எதுவும் இல்லை. ஆகவே, அறிவியலாளர்கள் இதைக் கடல் நட்சத்திரம் என்றே அழைக்க விரும்புகிறார்கள். மலாய் மொழியில் இதற்கு "தப்பாக் சுலைமான்" என்று அழகான பெயர் உண்டு. "சுலைமானின் பாதச் சுவடு" என்று பொருள் கொள்ளலாம். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் தேவைப்படும்.

கடல் நட்சத்திரம் முட்தோலிகள் என்னும் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. தோலில் முள்ளோ முண்டோ உள்ளவை என்பதால் அந்தப் பெயர். இன்று உலகில் ஏறத்தாழ 7,000 வகை முட்தோலிகள் வாழ்கின்றன. அவற்றை ஐந்து பிரிவாகப் பிரிக்கிறார்கள். கடல் நட்சத்திரம் ஒன்று. மெல்லிய நீண்ட கைகளை உடைய நொறுங்கு நட்சத்திரம் இரண்டாவது. கடல் முள்ளெலியும் அதன் தட்டையான உறவான மணல் வில்லையும் மூன்றாவது. கடல் அட்டை, அதாவது மலேசியாவில் "கமாட்" என்று நாம் அறிந்த உயிர், நான்காவது. இறகுக் கொத்துப் போலிருக்கும் இறகு நட்சத்திரம் ஐந்தாவது.

நட்சத்திரம், பந்து, வில்லை, வெள்ளரிக்காய் என்று பார்வைக்கு இவை வெவ்வேறாக இருந்தாலும் இரண்டு விஷயங்களில் ஒன்றுபடுகின்றன. முதலாவது, வளர்ந்த உடல் ஐந்து பகுதிகளாக அமைந்திருப்பது. கடல் அட்டையைக் குறுக்கே பார்த்தால்கூட அந்த ஐந்து தெரியும். இரண்டாவது, எல்லாமே கடலில் மட்டும் வாழ்பவை. ஆற்றில் மீன் உண்டு, நண்டு உண்டு, நத்தை உண்டு. ஆனால், ஆற்றிலோ குளத்திலோ நிலத்திலோ வாழும் முட்தோலி ஒன்றுகூட இல்லை. இது ஏன் என்பதில்தான் இன்றைய உரையின் சாரமே அடங்கியிருக்கிறது.

உடலுக்குள் ஒரு நீர்க்குழாய் அமைப்பு

ஒரு கடல் நட்சத்திரத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு பள்ளம் ஓடுவது தெரியும். அந்தப் பள்ளத்தில் வரிசை வரிசையாக, மெல்லிய சேமியாத் துண்டுகளைப் போல ஏதோ நெளிந்துகொண்டிருக்கும். அவைதான் கால்கள். குழாய்க்கால்கள் என்று பெயர். ஒரு கடல் நட்சத்திரத்துக்கு இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். சில வகைகளுக்கு ஆயிரக்கணக்கிலும் உண்டு.

இந்தக் கால்களுக்குள் எலும்பு இல்லை. பின் எப்படி நீள்கின்றன, விறைக்கின்றன, அடி எடுத்து வைக்கின்றன? சாலை வேலை நடக்கும் இடத்தில் மண்வாரி இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் இரும்புக் கையைத் தூக்குவது குழாய்க்குள் அழுத்தப்படும் எண்ணெய். கடல் நட்சத்திரத்தின் கால்களை இயக்குவதும் அதே தத்துவம்தான். எண்ணெய்க்குப் பதிலாகக் கடல்நீர், அவ்வளவே வேறுபாடு.

கடல் நட்சத்திரத்தின் மேற்புறத்தில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறு பொத்தான் போன்ற புள்ளி இருக்கும். அது நுண்ணிய துளைகள் கொண்ட சல்லடைத் தட்டு. அதன் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. அங்கிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி, வாயைச் சுற்றியுள்ள வளையக் குழாயில் சேர்கிறது. வளையத்திலிருந்து ஒவ்வொரு கைக்கும் ஒரு கிளைக் குழாய் போகிறது. அந்தக் கிளையிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் ஒரு சிறு குழாய் பிரிகிறது. அடுக்குமாடி வீடுகளில் மேல்தளத் தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் பிரிந்து போகிறதல்லவா, அதைப் போல.

இனி ஒரு காலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் மேல்முனையில், உடலுக்குள், ஒரு குமிழ் இருக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் குழலின் தலையில் இருக்கும் ரப்பர்க் குமிழை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழின் தசை சுருங்கினால் உள்ளிருக்கும் நீர் காலுக்குள் தள்ளப்படுகிறது. பக்கத்துக் குழாயில் ஒரு சிறு தடுக்கிதழ் இருப்பதால் நீர் பின்னால் திரும்பிப் போக முடியாது. எனவே, கால் நீள்கிறது. காலின் சுவரில் உள்ள தசைகள் அதை வேண்டிய பக்கம் வளைக்கின்றன. நுனி தரையைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. பிறகு காலின் தசைகள் சுருங்க, நீர் மீண்டும் குமிழுக்குப் போகிறது. அடுத்த அடிக்குக் கால் தயாராகிறது.

ஒரு காலின் வலிமை மிகச் சிறியது. நூற்றுக்கணக்கான கால்கள் இதையே செய்யும்போது உடல் நகர்கிறது. பெரும்பாலான கடல் நட்சத்திரங்கள் மெதுவாகவே போகும். ஆனால், வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் சூரியகாந்திக் கடல் நட்சத்திரம், ஏறத்தாழ 15,000 கால்களுடன், நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வரை ஓடக்கூடியது.

சுவடு பதிக்கும் கால்கள்

கால் நுனி பாறையில் எப்படி ஒட்டுகிறது? குளியலறைச் சுவரில் ஒட்டும் ரப்பர்க் கிண்ணத்தைப் போலக் காற்றோட்டத்தை அடைத்து உறிஞ்சிப் பிடிக்கிறது என்றே நெடுங்காலமாகப் பாடப்புத்தகங்கள் எழுதி வந்தன. பெல்ஜியத்தின் மோன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனைகள் வேறு விடையைத் தந்தன. கால் நுனியிலிருந்து ஒரு பசை சுரக்கிறது. ஒட்டுவதற்கு அந்தப் பசைதான் காரணம். விடுவித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் பிடியைத் தளர்த்தும் இன்னொரு சுரப்பு வெளிவருகிறது. கால் கிளம்பிவிடும், பசையோ தரையிலேயே தங்கிவிடும்.

கண்ணாடிமீது கடல் நட்சத்திரத்தை நடக்கவிட்டு, பிறகு அந்தக் கண்ணாடிக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஒவ்வொரு காலும் வைத்த சுவடு வட்ட வட்டமாகத் தெரியும். மலாய்ப் பெயரான "தப்பாக்" என்பதை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் அது. ஆனாலும் இந்த உயிர் தான் போகும் வழியெல்லாம் உண்மையிலேயே பாதச் சுவடு பதித்துக்கொண்டு போகிறது.

மூளை இல்லை, வழி தவறுவதும் இல்லை

இத்தனை கால்களுக்கும் யார் உத்தரவிடுவது? கடல் நட்சத்திரத்துக்கு மூளை கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம் இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு கைக்கும் ஒரு நரம்பு போகிறது. நிரந்தரத் தலைவன் என்று எந்தக் கையும் இல்லை. உணவின் வாசனை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்துக் கை முன்னே செல்கிறது, மற்றவை பின்தொடர்கின்றன. திசை மாற வேண்டுமானால் உடலைத் திருப்ப வேண்டியதில்லை. வேறொரு கை முன்னணியை ஏற்றுக்கொள்கிறது.

அலை புரட்டிப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒன்றிரண்டு கைகளின் நுனி மெல்ல முறுக்கிக்கொண்டு தரையைத் தேடும். தரை கிடைத்ததும் கால்கள் பற்றிக்கொள்ளும். பிறகு உடல் குட்டிக்கரணம் போட்டு நிமிரும்.

கண்கூட உண்டு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சிறு கண்புள்ளி இருக்கிறது. நமது வட்டாரக் கடல்களிலும் காணப்படும் நீலக் கடல் நட்சத்திரத்தை வைத்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்தக் கண்கள் வெளிச்சம் இருட்டை மட்டும் உணர்வதோடு நிற்காமல், பக்கத்திலிருக்கும் பாறையின் மங்கலான உருவத்தையும் காண்கின்றன என்று காட்டியது. வீட்டுக்குத் திரும்ப அந்த அளவு பார்வை போதும்.

இன்னும் ஒரு வியப்பு. கடல் நட்சத்திரத்தின் தலை எங்கே என்று விலங்கியலாளர்கள் பல காலம் கேட்டு வந்தார்கள். 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் மரபணுக்கள் உடலின் எந்தெந்தப் பகுதியில் வேலை செய்கின்றன என்று வரைபடம் போட்டுப் பார்த்தார்கள். மற்ற விலங்குகளில் தலையை உருவாக்கும் மரபணுக்கள் இங்கே உடல் முழுவதும் வேலை செய்வதைக் கண்டார்கள். உடற்பகுதியை உருவாக்கும் மரபணுக்களின் செயலோ ஏறக்குறைய இல்லை. தலை எங்கே என்று தேடினோம், கிட்டத்தட்ட முழுவதுமே தலைதான் என்று விடை வந்தது!

வீட்டுக்கு வெளியே வந்து உண்ணும் வயிறு

அடுத்து உணவுக்கு வருவோம். நாம் உணவை வாய்க்குள் கொண்டுபோகிறோம். கடல் நட்சத்திரங்களில் பல, வயிற்றை வாய்க்கு வெளியே கொண்டுவருகின்றன.

சந்தையில் உயிருள்ள சிப்பியை வாங்கிக் கையால் திறந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும். கடல் நட்சத்திரம் சிப்பியின்மீது கூன்போட்டு ஏறி, இரண்டு ஓடுகளிலும் கால்களை ஒட்டி, எதிர் எதிர்ப் பக்கமாக இழுக்கிறது. ஒரே மூச்சில் பிளப்பது அதன் வழக்கமில்லை. விடாமல் இழுப்பதுதான் அதன் பலம். அதன் உடலின் இணைப்புத் திசுவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நரம்பின் கட்டளைப்படி இறுகவும் இளகவும் செய்யும். இறுகிவிட்டால் தசையை வருத்தாமலே அதே நிலையில் நிற்கலாம். சிப்பியோ தன் தசையால் மூடிக்கொண்டு நிற்கிறது. நேரம் ஆக ஆகக் களைக்கிறது.

சிப்பி முழுவதும் திறக்க வேண்டியதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி கிடைத்தால் போதும் என்கிறார்கள். கடல் நட்சத்திரம் தன் வயிற்றை உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டி, மெல்லிய படலம்போல அந்த இடுக்கு வழியே நுழைக்கிறது. செரிமான நீர் சிப்பியின் சதையை அங்கேயே கரைக்கிறது. கஞ்சிபோல ஆனதை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வயிறு மீண்டும் வீடு திரும்புகிறது. இதற்கு மணிக்கணக்கில் ஆகும். தன் வாயைவிடப் பெரிய இரையையும் பல்லே இல்லாமல் உண்ணும் வித்தை இது.

நமது கரையோரக் கடற்புல் திடல்களில் காணப்படும் முண்டுக் கடல் நட்சத்திரத்தைப் பலர் பார்த்திருக்கலாம். முதுகில் கறுப்பு அல்லது பழுப்பு நிறக் கூம்புகள் நிற்க, 30 சென்டிமீட்டர் அகலம் வரை வளரும். அதுவும் வயிற்றை வெளியே விரித்து உண்பதுதான். நத்தை, சிப்பி, கடற்பஞ்சு ஆகியவற்றோடு, மணலிலும் கடற்புல்லிலும் படிந்திருக்கும் நுண்ணுயிர்களையும் கழிவுத் துகள்களையும் உண்கிறது. அதாவது, நீர் வற்றிய நேரத்தில் நாம் பார்க்கும்போது அது சும்மா கிடப்பதாகத் தோன்றினாலும் சாப்பாட்டு நேரமாகவும் இருக்கலாம்.

ஒரே குழாய், ஐந்து தொழில்

அதே நீர்க்குழாய் அமைப்பை மற்ற உறவினர்கள் தத்தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டுள்ளன.

மணல் நட்சத்திரத்தின் கால்கள் ஒட்டுவதற்கு ஏற்றவையல்ல, கூர்மையானவை. மணலைத் தோண்டிப் புதைந்துகொள்ள உதவுகின்றன. இது வயிற்றை வெளியே விடுவதில்லை. சிறு நத்தைகளையும் மட்டிகளையும் அப்படியே விழுங்கிவிட்டு, காலி ஓட்டை வாய் வழியாகவே துப்பிவிடும்.

நொறுங்கு நட்சத்திரம் குழாய்க்கால்களை நம்பி நடப்பதில்லை. பாம்புபோல நெளியும் கைகளால் துடுப்புப் போட்டதுபோல் தாவித் தாவிப் போகும். எதிரி பிடித்தால் கையை உடைத்துக் கொடுத்துவிட்டுத் தப்பும். குழாய்க்கால்கள் உணவுத் துகளை வாய்க்குக் கடத்தும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

கடல் முள்ளெலிக்கு வாயில் ஐந்து பற்கள் உண்டு. அந்தப் பற்களைத் தாங்கும் எலும்புக்கூடு போன்ற அமைப்புக்கு "அரிஸ்டாட்டில் விளக்கு" என்று பெயர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதைப் பற்றி எழுதியதால் வந்த பெயர் அது. பற்கள் தேயத் தேய வளர்ந்துகொண்டும் தாமே கூராகிக்கொண்டும் இருக்கும். பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பது இதன் வேலை. தட்டையான மணல் வில்லையோ முள்ளைக் குறுகிய மயிராக்கிக்கொண்டு மணலுக்குள் வாழ்கிறது.

கடல் அட்டையின் வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகள் உண்மையில் உருமாறிய குழாய்க்கால்களே. பல வகைகள் அவற்றால் மணலை வாரி விழுங்கி, அதிலுள்ள சத்தைச் செரித்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே விடுகின்றன. கடலடியை உழும் மண்புழு என்று சொன்னால் பொருந்தும். இறகு நட்சத்திரம் கைகளை வலைபோல விரித்து, நீரோட்டம் கொண்டுவரும் துகள்களைக் குழாய்க்கால்களால் பிடித்து வாய்க்கு அனுப்புகிறது.

ஒன்று குறைந்தால், ஒன்று மிகுந்தால்

"இவை இருந்தால் என்ன, போனால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். இதற்கு நேரடியான விடை உண்டு. 1963இல் அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் பெயின், வாஷிங்டன் மாநிலப் பாறைக் கரை ஒன்றில் ஒரு பகுதியிலிருந்து மட்டும் கடல் நட்சத்திரங்களை அகற்றி வந்தார். சில ஆண்டுகளில் அங்கே ஒரு வகைச் சிப்பி பெருகிப் பாறையை மூடியது. அங்கிருந்த 15 வகை உயிர்கள் 8 ஆகக் குறைந்தன. கடல் நட்சத்திரம் சிப்பியைத் தின்றதால்தான் மற்றவற்றுக்கு இடம் இருந்தது என்பது தெரிந்தது.

1983–84இல் கரீபியன் கடலில் நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் நோயால் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. பாசியைத் தின்ன ஆளில்லாமல் பவளப் பாறைகளைப் பாசி மூடியது. பல இடங்கள் இன்னும் முழுமையாக மீளவில்லை.

2013 முதல் வட அமெரிக்கப் பசிபிக் கரையில் கடல் நட்சத்திரங்கள் உருகிச் சிதையும் நோய் பரவியது. சற்று முன் சொன்ன, வேகமாக ஓடும் சூரியகாந்திக் கடல் நட்சத்திரங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மடிந்தன. அவை தின்று கட்டுக்குள் வைத்திருந்த கடல் முள்ளெலிகள் பெருகி, வட கலிஃபோர்னியாவின் பெருங்கடற்பாசிக் காடுகளை மொட்டையடித்தன. அந்த நோய்க்கு விப்ரியோ இனப் பாக்டீரியா ஒன்றே காரணம் என்று 2025இல்தான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

மிகுந்தாலும் தொல்லைதான். முட்கிரீடக் கடல் நட்சத்திரம் உயிருள்ள பவளத்தின்மீது வயிற்றை விரித்து உண்பது. நன்கு வளர்ந்த ஒன்று ஆண்டுக்கு 10 சதுர மீட்டர் பவளம் வரை தின்னும். அளவோடு இருக்கும்போது, வேகமாக வளரும் பவளத்தைத் தின்று மற்றவற்றுக்கு இடம் கொடுக்கிறது. அளவு மீறினால் பாறையே வெளுத்துவிடும். 1985 முதல் 2012 வரை ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டு தன் பவளப் பரப்பில் ஏறத்தாழ பாதியை இழந்தது. அந்த இழப்பில் 42 விழுக்காட்டுக்கு இந்த உயிரே காரணம் என்று ஆய்வு கூறியது. மலேசியாவின் தியோமான் போன்ற தீவுகளிலும் முக்குளிப்பாளர்கள் கடலில் இறங்கி இவற்றை அகற்றியிருக்கிறார்கள். நிலத்திலிருந்து உரச்சத்தும் கழிவும் கடலில் சேர்வதால் இவற்றின் குஞ்சுகளுக்கு உணவு மிகுந்து அவை பெருகுகின்றன என்பது அறிவியலாளர்கள் கூறும் காரணங்களில் ஒன்று.

செக் ஜாவாவில் நடந்தது என்ன?

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

செக் ஜாவா கரையை நிலமாக மேடாக்கும் திட்டம் இருந்தது. அங்கே கடல் நட்சத்திரங்களும் கடல் அட்டைகளும் மணல் வில்லைகளும் நிறைந்திருப்பதை இயற்கை ஆர்வலர்கள் எடுத்துக்காட்டினார்கள். பொதுமக்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். 2001 டிசம்பரில் அரசாங்கம் அந்தத் திட்டத்தை ஒத்திவைத்தது. மண்ணிலிருந்து அந்தக் கரை தப்பியது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் பெருமழை கொட்டி வெள்ளம் வந்தது. ஜோகூர் ஆறு கொண்டுவந்த நன்னீர், ஆற்று முகத்துக்கு அருகிலிருக்கும் செக் ஜாவாவைச் சூழ்ந்தது. கடல்நீரின் உப்பு வெகுவாகக் குறைந்தது. கடல் நட்சத்திரங்கள், கடல் அட்டைகள், கடற்பஞ்சுகள் எனப் பலவும் மாண்டு கிடந்தன.

காரணம் இப்போது உங்களுக்கே புரியும். மீனுக்கும் நண்டுக்கும் உடலில் உப்பின் அளவைச் சீராக்கும் உறுப்புகள் உண்டு. முட்தோலிக்குச் சிறுநீரகம் போன்ற உறுப்பு எதுவும் இல்லை. வெளியே இருக்கும் கடல்நீரும் உள்ளே ஓடும் நீரும் ஏறக்குறைய ஒன்றே. காலை இயக்குவது அந்த நீர். மூச்சுக் காற்றைக் கொண்டுவருவதும் அந்த நீர். ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. அது திடீரெனக் குறைந்தால் மெல்லிய தோல் வழியாகவும் கால்கள் வழியாகவும் நன்னீர் உடலுக்குள் புகுந்து, உயிரணுக்களை உப்பச் செய்கிறது. கால்கள் பிடியை விடுகின்றன. ஓடித் தப்பலாம் என்றால், ஓட வேண்டிய கால்களை இயக்குவதும் கெட்டுப்போன அதே நீர்தானே! ஆற்றிலும் குளத்திலும் முட்தோலி இல்லாததற்கும் இதுவே காரணம்.

நண்டும் மீனும் கடலில் வாழ்கின்றன. முட்தோலிக்குள்ளோ கடலே வாழ்கிறது. ஆகவே, கடல் கெட்டால் முதலில் கெடுவது அதுதான்.

அரங்கில் எழுந்த கேள்விகள்

கேள்வி: படம் எடுப்பதற்காகக் கடல் நட்சத்திரத்தைச் சிறிது நேரம் கையில் தூக்கினால் தவறா?

பதில்: தூக்காமல் இருப்பதே நல்லது. அது பாறையைப் பற்றியிருக்கும்போது இழுத்தால் கால்கள் அறுந்துவிடும். மேலும், அது மூச்சு விடுவது தோலில் உள்ள மெல்லிய செவுள்கள் வழியாகவும் குழாய்க்கால்கள் வழியாகவும். இரண்டுக்கும் தண்ணீர் தேவை. ஒருவர் ஒரு நிமிடம் தூக்குவதில் என்ன என்று தோன்றும். விடுமுறை நாளில் ஐம்பது பேர் வருகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அது இருக்கும் இடத்திலேயே குனிந்து படம் எடுங்கள்.

கேள்வி: ஒரு கையை வெட்டினால் அது இன்னொரு நட்சத்திரமாக வளருமாமே?

பதில்: இழந்த கையை மீண்டும் வளர்ப்பது பொதுவான குணம். ஆனால், வெட்டிய துண்டு முழு உயிராக வேண்டுமானால் பெரும்பாலான வகைகளுக்கு நடு உடலின் ஒரு பகுதியாவது அதோடு இருக்க வேண்டும். நீலக் கடல் நட்சத்திரமும் அதன் நெருங்கிய உறவினங்களும் மட்டும் ஒரு கையிலிருந்தே முழு உடலையும் உருவாக்க வல்லவை. அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். வளருமே என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: லங்காவியில் கமாட் எண்ணெய் வாங்குகிறோம். அதனால் கடலுக்குக் கேடு உண்டா?

பதில்: அளவுதான் இங்கே கேள்வி. எண்ணெய்க்கும் தைலத்துக்கும் உணவுக்கும் தேவை பெருகியதால் உலகின் பல கடல்களில் கடல் அட்டை குறைந்துவிட்டது. மணலைச் சுத்தம் செய்ய ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக்கிலுள்ள மோரியா தீவில் ஒரு சோதனை செய்தார்கள். கடல் அட்டைகளை அகற்றிய இடங்களில் பவளங்கள் நோயுற்று மடிவது பல மடங்கு அதிகரித்ததாக 2024இல் அந்த முடிவு வெளியானது. இயற்கையில் பிடித்ததா, வளர்த்ததா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் பழக்கத்தை நாம் தொடங்கலாம்.

கேள்வி: மழையை நம்மால் தடுக்க முடியாதே. பிறகு நாம் என்னதான் செய்வது?

பதில்: உண்மைதான், மழையைத் தடுக்க முடியாது. ஆனால், ஓர் இடத்தில் அழிந்த உயிர் மீண்டும் வர வேண்டுமானால் வேறோர் இடத்தில் அது வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். இவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து புதுக்கரை சேர்பவை. சிங்கப்பூரின் தென்பகுதியில், கப்பல்கள் போகும் வழிக்கும் தொழிற்சாலைத் தீவுகளுக்கும் நடுவே சைரீன் என்றொரு பவளத் திட்டு இருக்கிறது. முண்டுக் கடல் நட்சத்திரங்கள் அங்கே நிறைய வாழ்கின்றன, குட்டிகளும் காணப்படுகின்றன. அதுபோன்ற திட்டுகளும், இரு நாட்டுக் கடற்புல் திடல்களும் எத்தனை எஞ்சியிருக்கின்றனவோ அத்தனை விதைக்களஞ்சியம் நமக்கு உண்டு என்று பொருள். ஒரு கரையை மேடாக்கும் திட்டம் வரும்போது, அங்கே என்ன வாழ்கிறது என்று கேட்பது நமது உரிமை. செக் ஜாவாவில் மக்கள் 2001இல் கேட்டார்கள். கேட்டதால் பலன் கிடைத்தது.

அடுத்த முறை நீர் வற்றிய கரையில் பிள்ளைகள், "இது உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டால், அருகில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். கை நுனியில் ஒரு சிறு கால் நீண்டு மணலைத் தொடுவதை அவர்களே காண்பார்கள்.